முன்ன மாதிரி வராதுங்க அக்கா

பொள்ளாச்சியில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கீமோவும் ரேடியேஷனும் முடிந்து, தலைமுடி காதுவரை வளர்ந்திருந்தது. பட்டு ரவிக்கைக்குள், உள்பாடியின் இடது பக்கத்தில், ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய சிலிக்கான் பேடு. பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று கண்ணாடி முன்னால் நின்று உறுதி செய்துகொண்டுதான் மண்டபத்துக்குப் போயிருந்தேன்.

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரின் இலைக்குக் குனிந்தபோது பேடு நழுவி மேலே ஏறி, கழுத்துக்குக் கீழே புடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கையிலும் வாளியும் கரண்டியும். பக்கத்தில் பொரியல் வைத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார். என் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தி, மணப்பெண் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் சரிசெய்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே வரும்போது, "நீ உக்காரு, ரசம் நான் ஊத்திக்கறேன்" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்த வாரமே கணவரிடம் சொன்னேன், டாக்டர் முன்பு சொன்ன அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளப் போகிறேன் என்று. மார்பை எடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள், ரேடியேஷன் முடிந்து உடம்பு தேறிய பிறகு புது மார்பு அமைத்துக்கொள்ளலாம் என்று. அப்போது அதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று இருந்தது. உயிர் இருந்தால் போதும். ஆனால் உயிர் இருக்கிறது என்று நிச்சயமான பிறகு, தினமும் குளித்துவிட்டு அந்தப் பேடை எடுத்து மாட்டும் நேரம் எனக்குத் தாங்க முடியாததாக ஆகிவிட்டது.

சிங்காநல்லூரில் எங்களுக்குப் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை. அவர் லேத்தைப் பார்ப்பார், நான் ஆபீசைப் பார்ப்பேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்காகன்னா வேண்டாம் அம்மணி. உனக்கு வேணும்னா செஞ்சுக்கலாம்" என்றார்.

கல்யாணத்தில் என் மானத்தைக் காப்பாற்றிய அதே நாத்தனார்தான் போனில் கேட்டார், இந்த வயதில் எதற்கு இது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுக்க வேண்டுமா என்று. அக்கறையில் கேட்டதுதான். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண். பொறுமையாகக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ரேடியேஷன் பட்ட தோலுக்குள் சிலிக்கான் இம்ப்ளான்ட் வைப்பது எனக்கு ஒத்துவராது. அதனால் அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக்குழாய்களை இணைப்பார்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார். நன்றாக வந்தவை, சுமாராக வந்தவை எல்லாம் இருந்தன. என் கண் நன்றாக வந்த ஒரு படத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. அறையில் இருந்த நர்ஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும். வெளியே வந்ததும், இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம் பேசிப் பார்க்கிறீர்களா, அவர் சம்மதித்திருக்கிறார் என்று கேட்டார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் இருந்த வீட்டு மாடிக்குப் போனேன். என்னைவிட மூத்தவர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்தவளோ என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர். கணவர் மளிகை வியாபாரி. அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். அது எனக்காகச் செய்த ஏற்பாடு என்று கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

டீ கொடுத்தாள். வியாதி எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், கீமோவில் எது கஷ்டமாக இருந்தது என்று பேசிக்கொண்டோம். பிறகு அவள் கேட்டாள்.

"அக்கா, எதுக்காகப் பண்ணிக்கறீங்க?"

"முன்ன மாதிரி ஆகோணும் கண்ணு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "முன்ன மாதிரி வராதுங்க அக்கா. வேற ஒண்ணு வரும். அதைப் பாக்கறீங்களா?"

உள்ளறைக்குக் கூட்டிப்போய், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, துப்பட்டாவை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

வலது மார்பு இருந்த இடத்தில் ஒரு மேடு. உருவம் இருந்தது. அதன் நடுவில் கண்போல நீளவாக்கில், வேறு நிறத்தில் ஒரு தோல் துண்டு. சுற்றிலும் தழும்புக் கோடு. காம்பு இல்லை. இடதைவிட அது கொஞ்சம் மேலே இருந்தது. அடிவயிற்றில் ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை வெட்டுத் தழும்பு. மேட்டின் ஓரத்தில் காசு அளவுக்கு ஒரு கருத்த வடு. அது என்ன என்று கேட்டேன். குளிர் காலத்தில் சுடுதண்ணீர்ப் பையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சுட்டது தெரியவே இல்லையாம். அங்கே உணர்வு கிடையாது என்று தெரிந்திருந்தும் மறந்துபோனேன் என்றாள்.

அன்று அவள் எதையும் மறைக்கவில்லை. ஒரே ஆபரேஷனில் முடியவில்லை என்பது, தும்மினால் வயிறு பிளந்துவிடும் போல இருந்த நாட்கள், பையன்களைத் தூக்க முடியாமல் இருந்த மாதங்கள், அவளைத் தொடுவதற்குக் கணவர் பயந்தது. திரும்பவும் கேட்டால் செய்துகொள்வேன் என்றும் சொன்னாள். ஆனால் அது மட்டும் என் மனதில் தங்கவில்லை.

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். எனக்கு அவள்மேல் கோபம். தைரியம் சொல்வாள் என்று போனால், பயமுறுத்தி அனுப்பிவிட்டாள் என்று கணவரிடம் புலம்பினேன். மூன்று நான்கு வாரம் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அந்த வாரங்களில் ஒன்று நடந்தது. அவள் கேட்ட கேள்விக்கு எனக்குள் வேறு வேறு பதில் வர ஆரம்பித்தது. பட்டறையில் வெயிலில் நடக்கும்போது பேடு வியர்வையில் ஊறிக் கனக்கும். கீழே விழுந்த ஒரு ரசீதை எடுக்கக்கூட மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் குனிவேன். யாராவது எதிரே வந்து பேசினால் அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். எனக்குப் பழைய உடம்பு வேண்டாம். காலையில் எழுந்து எதையும் எடுத்து மாட்டாமல் ஒரு ரவிக்கை போட வேண்டும். பயமில்லாமல் குனிய வேண்டும்.

அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "அது கிடைக்குமுங்க அக்கா" என்றாள். "அதுன்னா தைரியமாப் பண்ணிக்கோங்க."

ஆபரேஷன் ஒரு முழுப் பகல் நடந்தது. கண் விழித்தபோது உடம்பெல்லாம் குழாய். நர்ஸ்கள் திரும்பத் திரும்ப வந்து புது மார்பைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள். பேனா போன்ற ஒரு கருவியை வைத்து உள்ளே ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். எனக்கும் கேட்டது, பம்ப்பில் தண்ணீர் ஏறும் சத்தம் போல. அந்தச் சத்தத்தை நான் கணவரையும் கேட்க வைத்தேன். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சீராக ஓடுகிறது என்று, ஏதோ மோட்டாரைச் சோதித்தவர் மாதிரி சொன்னார். சிரித்தேன். சிரித்ததில் வயிறு வலித்து உயிர் போயிற்று.

நிமிர்ந்து நிற்க முடியாமல், கூன் விழுந்தவள் போல நடந்து போய்க் குளியலறைக் கண்ணாடியில் முதல்முறை பார்த்தேன். வீங்கி, கன்றிப்போய், தையலோடு இருந்தது. நடுவில் இருந்த தோலில் வெள்ளை வெள்ளையாய்ச் சில கோடுகள். என்னவென்று புரியச் சற்று நேரம் ஆனது. என் மகளைச் சுமந்தபோது வயிற்றில் விழுந்த கோடுகள். இப்போது மார்பில் இருந்தன. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சாயங்காலம் பார்க்க வந்த மகளிடம் காட்டினேன். அவள் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, நான் இடம் மாறிவிட்டேனா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பிரச்சினை வந்தது. தையலின் ஓரத்தில் ஒரு பக்கம் கருக்க ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, ஓரம் மட்டும்தான், மெல்ல ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருத்ததை வெட்டி எடுத்துக் கட்டுப் போட வேண்டும். வாரங்கள் ஓடின. வாடை வருகிறதோ என்று எனக்கே சந்தேகம். சாப்பாடு இறங்கவில்லை. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று தோன்றியது. நாத்தனார் தினமும் வந்து சமைத்துவிட்டுப் போனார். எதற்குச் செய்துகொண்டாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் மதியம் டீச்சரைப் போனில் கூப்பிட்டு அழுதேன். பள்ளி விட்டதும் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். மகளிடம் அவளுக்கு டீ போடச் சொன்னேன். நோன்புங்க அக்கா என்றாள். அந்த வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல், ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்திருந்தாள். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறிப்போயிரும்னு சொல்லு கண்ணு" என்றேன்.

"டாக்டர் ஆறும்னு சொல்றாங்க. நான் பாத்ததுல ரெண்டு பேருக்கு ஆறிச்சு. உங்களுக்கு எப்பன்னு எனக்குத் தெரியாதுங்க அக்கா. ஆறற வரைக்கும் நான் வாரேன்."

சொன்னபடியே வந்தாள். சில நாள் விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பாள். அவள் இருக்கும்போது நான் தூங்கிவிடுவேன். புண் ஆறியது. அந்த ஓரத்தில் மட்டும் ஒரு பள்ளம் நிலைத்துவிட்டது.

அடுத்த வருடம் அதே நர்ஸ் என்னைக் கேட்டார். சத்தியமங்கலம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், இந்த ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறாள், பேசுகிறீர்களா என்று. ஆஸ்பத்திரியிலேயே ஒரு அறை கொடுத்தார்கள். நான் காட்டினேன். பள்ளத்தையும் காட்டினேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது, அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

"தொட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். தொட்டாள். "என் கை தெரியுதுங்களா அக்கா?"

"அழுத்தறது உள்ளுக்குள்ள தெரியுது. கை தெரியல சாமி."

அவள் நிறையக் கேட்டாள். எத்தனை மாதம் குனிந்து பூப்பறிக்க முடியாது, கூடை தூக்க முடியாது என்றெல்லாம். பத்து நாள் கழித்து, அவள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகத் தெரிந்தது. நான் நினைத்ததைவிட அது எனக்கு வலித்தது. என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாளோ, என் மார்பு அவளுக்கு அவ்வளவு அசிங்கமாகத் தெரிந்ததோ என்று இருந்தது. டீச்சரிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அந்தப் பெண் முடிவு செய்வதற்காகத்தானே போனீர்கள், முடிவு செய்துவிட்டாள், பிறகென்ன என்றாள். நான் முதல்முறை அவள் வீட்டிலிருந்து போன பிறகு நான்கு வாரம் கூப்பிடாமல் இருந்தபோது தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றும் சொன்னாள். அதை அன்றுதான் சொன்னாள்.

சத்தியமங்கலத்துப் பெண் தானே ஒருநாள் போன் செய்தாள். பேடு வைப்பதையும் விட்டுவிட்டாளாம். தோட்டத்தில் ரவிக்கைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்கிறாள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களிடம் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் குழம்பிக்கொண்டே இருந்திருப்பேன் என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும்தான்.

நான் இப்போது பந்தி பரிமாறுகிறேன். குனிகிறேன். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. உணர்வு ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வந்திருக்கிறது.

போன மாதம் டீச்சருக்குச் சின்னதாக ஒரு ஆபரேஷன். மேலே நின்ற பக்கத்தை இறக்கிச் சரிசெய்ய. இத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள் அன்று காலையில் என் கையை விடவே இல்லை. அவள் கணவரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பையன்களின் படிப்பைப் பற்றி, பட்டறைக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவளை வார்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் அவர் போய்ப் பார்த்துவிட்டு என்னை உள்ளே அனுப்பினார். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. கண்ணைப் பாதி திறந்து, "அக்கா, ரெண்டும் சமமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"பெரிய கட்டாப் போட்டிருக்காங்க கண்ணு. ஒண்ணுமே தெரியல" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனாள்.