தொரிதானியின் புது வேகன்

ஜப்பானின் யவதஹாமா ஊரில் கட்சுஜியின் பெட்ரோல் பங்க்கைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய சந்தேகத்தைத் தெரியாதவர்களும் கிடையாது. முடிவெட்டுகிறவர் இரண்டு காதோரமும் ஒரே அளவு எடுத்தாரா என்று வீட்டுக்கு வந்து நூல் பிடித்துப் பார்க்கிற மனுஷன். மீன் வடை வாங்கினால் தட்டின் அடியில் இருப்பதைத்தான் கேட்பார். மேலே இருப்பது நேற்றையது என்பார்.

அப்பா போன பிறகு இருபத்தாறு வயதில் பங்க்கைக் கையில் எடுத்தவர், ஐம்பத்தெட்டு வயதுவரை சந்தேகப்படாத ஆள் ஊரில் ஒருவர்தான்: தொரிதானி. பள்ளியில் ஒரே பெஞ்சு. மின்சாரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கிருந்த பதினோரு வண்டிகளும் கட்சுஜியிடம்தான் நிரப்பிக்கொள்ளும். அவர் வீட்டில் அடுப்பெரிந்ததே பெரும்பாலும் அந்தப் பதினோரு வண்டிகளால்தான்.

இரண்டாயிரமாவது வருடம் வசந்த காலத்தில், பழைய வண்டி ஒன்றைக் கழித்துவிட்டுத் தொரிதானி புது வேகனில் வந்தார். கட்சுஜி வைத்திருந்த அதே மாடல், அதே வெள்ளை. காரணமே இல்லாமல் கட்சுஜிக்குப் பெருமையாக இருந்தது. தொரிதானி டயருக்குக் காற்று கேட்டார், கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார், போய்விட்டார். பெட்ரோல் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் காற்று மட்டும்தான்.

புறவழிச்சாலையில் அவரவரே பெட்ரோல் ஊற்றிக்கொள்ளும் பங்க் ஒன்று அப்போதுதான் திறந்திருந்தது. கட்சுஜிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மனைவி ஃபுமியே மட்டும், வண்டி அதிகம் ஓடாமல் இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"நானும் அதே வண்டிதானே ஓட்டறேன்? அது எவ்வளவு குடிக்கும்னு எனக்குத் தெரியாதா? மூணு வாரமா காத்துலயா ஓடுது?" என்றார் கட்சுஜி.

நான்காவது வாரம் இன்னொன்று நடந்தது. வாடிக்கையாளரை வழியனுப்பக் கட்சுஜி ரோட்டுக்கே ஓடுவார். வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் குனிவார். என்ஜின் சத்தம் வளைவைத் தாண்டிய பிறகுதான் நிமிர்வார். முப்பத்திரண்டு வருடமாக அவரை நிமிர்த்தியது கண்ணல்ல, காதுதான். முந்தைய வாரங்களில் தொரிதானி கிளம்பும்போது வேறு வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்; அன்றுதான் அவருக்காக ஓடிப் போய்க் குனிந்தார். வண்டி கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருந்தார். சத்தமே வரவில்லை. குனிந்தபடியே நின்றார். ஆரஞ்சுப் பழ லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்த பிறகு நிமிர்ந்தால், வேகன் போய் எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. பங்க் அறையின் கண்ணாடிக்கு உள்ளே ஃபுமியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்று முடிவு கட்டினார் கட்சுஜி. துரோகி, அதில் கஞ்சத்தனம் வேறு. அடுத்த முறை வந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது, மற்ற பத்து வண்டிகளும் போனால் போகட்டும் என்று அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார். போனால் பங்க்கை மூட வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும். ஃபுமியே சூப்பை ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை தொரிதானி வந்தார். காற்று கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். பெட்ரோலை மோந்தே அது எந்தப் பங்க் சரக்கு என்று சொல்லிவிட முடியும் என்பது கட்சுஜியின் நம்பிக்கை, யாரும் சோதித்ததில்லை. துடைக்கிற சாக்கில் டேங்க் மூடியைத் தேடினார். இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம். மறுபக்கம் போய்த் தடவினார். அங்கும் வழவழவென்றுதான் இருந்தது. தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதில் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். புகைக்குழாயும் இல்லை.

எழுந்தபோது தொரிதானி எதிரில் நின்றிருந்தார்.

"கரண்ட்ல ஓடற வண்டிடா," என்றார் தொரிதானி. "ஓட்டிப் பாருன்னு கம்பெனி குடுத்திருக்கு. சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் வந்தேன். நீ துணியை எடுத்துக்கிட்டு ஓடி வர்றப்போ வாய் வரல."

"வாராவாரம் காத்து எப்படிடா குறையுது?"

"வழியில நிறுத்தி நான்தான் எறக்கிவிட்டுட்டு வருவேன். உங்கிட்ட கேட்க வேற என்ன இருக்கு?"

கட்சுஜி ஈரத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டுவதற்காக ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. மற்ற பத்து வண்டிகளும் இப்படி மாறுமா என்று கேட்டார். இது நன்றாக ஓடினால் ஒவ்வொன்றாக மாறும் என்றார் தொரிதானி. நன்றாகத்தான் ஓடுகிறது என்றும், தரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னார்.

"அந்தப் புதுப் பங்க்குக்குப் போறேன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா," என்றார் கட்சுஜி. "சண்டை போட்டாவது உன்னை இழுத்துட்டு வந்திருப்பேன்."