பத்மாசினி அக்காவின் மூன்று அடி

எங்கள் ஒழுங்கைக்குள் டிப்பர் லொறி வந்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பிரதேச சபையைத் திட்டும்போது என்னை மட்டும் நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மருதனார்மடச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், பிரதான வீதியிலிருந்து வலப்பக்கம் பிரிகிற ஒழுங்கை எங்களுடையது. முதல் வீடு பத்மாசினி அக்காவினது, அடுத்தது என்னுடையது, மற்ற அந்தத்தில் சனசமூக நிலையம். அக்கா சந்தையில் மரக்கறி விற்கிறவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டு, ஆறு இடம் மாறி, கடைசியில் இந்த இரண்டு பரப்புக் காணியை வாங்கினார். வாங்கியதும் வீடு கட்டத் தொடங்கவில்லை, வேலியைத்தான் அடைத்தார். எல்லை இல்லாமல் இருந்தது போதும் என்றார்.

அவருடைய கணவர் பரமலிங்கம் அண்ணைக்குச் சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணும் போய்விட்டன. பொல்லுத்தடி பிடிக்கச் சொன்னால் கோபம் வரும். காலையில் அக்கா சந்தைக்குப் போனபின், வேலியைக் கையால் தடவிக்கொண்டே சனசமூக நிலையத்துக்குப் போவார். அங்கே யாராவது பேப்பரைச் சத்தமாக வாசிப்பார்கள். இவர் நடுவிலே மறித்து வாதாடுவார். ஒரு நாளில் அவருக்கென்று இருந்தது அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

அரை அடி வேலிக்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் முடிக்கிற ஊர் இது. இந்த ஊரில், ஒழுங்கையை அகட்ட ஆளுக்கு மூன்று அடி விடுங்கள் என்று வீடு வீடாகப் போனவன் நான். சனசமூக நிலையச் செயலாளர், போதாக்குறைக்கு வாத்தியார். கனடாவிலிருந்து வரும் என் தங்கையின் வான் வாசல்வரை வரவேண்டும் என்பதுதான் உண்மைக் காரணம். அக்காவிடம் சொன்னது வேறு. அண்ணைக்கு ஒரு ஆபத்து அந்தரமென்றால் அம்புலன்ஸ் உள்ளே வரும் என்றேன். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

வேலிகள் பின்னால் போயின. நான் புது எல்லையில் மதிலே கட்டிவிட்டேன். சபை தார் போட்டது. படம் எடுத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பினோம். அண்ணை ஒரு கிழமைக்குள் புதிய எல்லையைக் கையால் பழகிக்கொண்டார். அம்புலன்ஸ் ஒருநாளும் வரவில்லை. கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர்கள்தான் வந்தன. சந்தையடி நெரிசலுக்குள் நிற்காமல் எங்கள் ஒழுங்கையால் திரும்பினால் பத்து நிமிடம் மிச்சமாம். ஒருநாள் காலை ஒரு டிப்பர் அண்ணையின் செருப்பு விளிம்பில் ஏறிப் போனது. கால் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. ஓட்டினவன் நிற்கவும் இல்லை. அதன்பிறகு அண்ணை வாசலைத் தாண்டவில்லை.

அக்கா சபைக்குப் போனார். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஒழுங்கைக்குள் திரும்பத் தடை என்று ஒரு பலகை வேண்டும் என்றார், அவ்வளவுதான். விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். முதலில் வாகனங்களை எண்ண வேண்டும் என்றார்கள். எண்ண ஆள் வர எட்டு மாதம் ஆனது. வந்தார்கள், இரண்டு பேர், கதிரையும் போட்டு இருந்தார்கள். அன்றைக்குக் கடையடைப்பு. சந்தை இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நாலு சைக்கிளும் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினும் போனதை எண்ணி எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பத் தடை போடுமளவுக்குப் போக்குவரத்து இல்லை என்று கடிதம் வந்தது. வாசித்துக் காட்டும்போது என் நாக்கே கூசியது.

அக்கா ஒரு தகரத்தில் 'திரும்பாதே' என்று சிவப்பு மையால் எழுதி மூலையில் கட்டினார். எட்டு மாதம் வரத் தெரியாத சபை அடுத்த நாளே வந்து தகரத்தைக் கழற்றியது. அனுமதி இல்லாத பலகையாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சந்தைக்குப் போகவில்லை. இரண்டு கூலியாட்களோடு ஒழுங்கை முகப்பு மதகின் விளிம்பிலிருந்து நூல் பிடித்தார். பழைய எல்லையில் கிடங்கு வெட்டி, மூலையில் மூன்று பனங்குற்றியை இறக்கி, மாலைக்குள் வேலியை அடைத்து முடித்தார்.

திங்கள் காலை முதல் டிப்பர் திரும்பப் பார்த்து, பாதியில் மாட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டே பின்னால் போனது. பத்து மணிக்குச் சபை உத்தியோகத்தர் வந்தார். மனமொத்துக் கொடுத்த காணி, இப்போது அது பொது வீதி என்றார். அக்கா கிடங்கு வெட்டின அலவாங்கைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"காணி உறுதி எழுதி முடிக்கேல்லை, கடிதம்தான் தந்தனான். வழக்கு வையுங்கோ. நாலு சைக்கிள் போற ஒழுங்கைக்கு ஏன் இவ்வளவு அகலம் எண்டு கோட்டிலை நான் கேக்கிறன்."

உத்தியோகத்தர் கோப்பை மூடிக்கொண்டு போனார். ஆனால் ஒழுங்கைச் சனம் கொதித்தது. மற்றப் பக்கத்தால் சுற்றி வரவேண்டுமாம், வான் இந்தப் பக்கத்தால் உள்ளே வராதாம். நீ கேட்டுத்தானே காணி விட்டோம், நீயே போய்க் கதை என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். வெட்கங்கெட்டுப் போனேன். தங்கை அடுத்த மாதம் வாறாள், வேலியைக் கொஞ்சம் உள்ளே எடுக்கலாமோ என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"வான் றோட்டிலை நிக்கட்டும், தம்பி. இறங்கி நடந்து வாங்கோ. உங்களுக்குக் கண் தெரியுதுதானே."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எட்டு மாதத்துக்கு மேலாக அந்த மனுசன் வீட்டுக்குள் கிடந்தார். விண்ணப்பம் எழுதின எனக்கு, ஒருநாளாவது போய் அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லை. பேப்பரும் என் வீட்டுக்கு வருகிறது.

மறுநாள் காலை என் கேற்றடியில் நின்றேன். பரமலிங்கம் அண்ணை வெளியே வந்தார். புது வேலியில் கையை வைத்தார். கம்பி, குற்றி, கம்பி என்று தடவிக்கொண்டு, பழைய நடையில், கொஞ்சம் வேகமாகவே வந்தார். அக்காவின் வேலி முடிகிற இடத்தில் கை காற்றில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். நீட்டிய கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"பிடிக்க வேண்டாம். உன்ரை மதில் எங்கையெண்டு மட்டும் சொல்லு."

மூன்று அடி உள்ளே, அண்ணை என்று சொன்னேன்.