அம்மா ஒன்றும் எழுதுவதில்லை

மச்சாளின் மூத்த மகள் வயதுக்கு வந்ததற்கு நியூ ஜேர்சியில் சாமத்தியவீடு வைப்பது என்று கதை தொடங்கியபோது, மண்டபம் பார்க்க முன்பே அவர் கேட்டது தன் தம்பியால் வர முடியுமா என்பதைத்தான். அந்தத் தம்பி என் கணவர். மச்சாளுக்கு வேறு சகோதரர் இல்லை. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீரை மாமன் வார்க்க வேண்டும். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடித்து நிறுத்திச் சடங்கை முடிக்கலாம். ஆனால் சொந்த மாமன் உயிரோடு இருக்க ஏன் வரவில்லை என்ற கதை அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் தொடரும்.

"நீர் வராட்டிலும் பரவாயில்லை, அவனை மட்டும் அனுப்பிவிடும்" என்று மச்சாள் தொலைபேசியில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அது பகிடி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே நான் போகாமல் இருப்பது நல்லதோ?

அப்படி நினைக்கக் காரணம் என் படிப்பு. ஊரில் பொருளியல் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். அந்தப் பட்டத்துக்கு இங்கே கனடாவில் பெரிய மதிப்பில்லை என்பதால், மகள் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, பொது நிர்வாகத்தில் ஒரு பகுதிநேரப் படிப்பில் சேர்ந்திருந்தேன். அரச செலவு பற்றிய பாடத்தை எடுத்த ஆசிரியை, ஒவ்வொரு வாரமும் அமெரிக்க அரசாங்கத்தின் செலவு பற்றிய ஏதாவது ஒரு செய்தியை எடுத்து, அதற்கு எங்கள் எதிர்வினையை எழுதச் சொல்வார். பக்கத்து நாட்டில் இப்போது எல்லாம் வெட்டவெளியில் நடக்கிறது, இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது என்பது அவருடைய வாதம். நாங்கள் எழுதுவது வகுப்பின் இணையப் பக்கத்தில், எங்கள் பெயரோடு வரும். அந்தப் பக்கத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. யாரும் வாசிக்கலாம்.

வெளிநாட்டு உதவிகளை அந்த அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்திய வாரம், எனக்கு எழுத நிறைய இருந்தது. என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறார். தலையில் கவசம், முகத்துக்கு முன்னால் கண்ணாடி, வெயிலில் முழங்காலில் இருந்தபடி ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைக் கிளறும் வேலை. அதற்கு வந்த காசில் ஒரு பங்கு அமெரிக்கக் காசு. அது நின்றதும், மறு அறிவித்தல் வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார்.

"உன்ரை பக்கத்து வீட்டுக்காரர் எங்கடை காணியிலை வேலையை நிப்பாட்டிப்போட்டார். வெடிக்குப் பக்கத்திலை போக வேண்டாமாம். என்னிலை எவ்வளவு கரிசனை பார். நான் கச்சான் கடலை வறுத்து விக்கலாமோ எண்டு யோசிக்கிறன்."

அதைத்தான் எழுதினேன். பாதி கிளறிய நிலத்தில் வெடி அபாயத்தைக் காட்டும் சிவப்புத் தடிகள் அப்படியே நிற்கின்றன என்றும், தடிகளுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒழுங்கை இருக்கிறது என்றும், வீண்செலவு என்று சொல்பவர்கள் அந்த ஒழுங்கையால் ஒருநாள் நடந்து பார்க்கட்டும் என்றும் எழுதினேன். எழுதி உடனே ஏற்றினேன். அன்று என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்தது.

அடுத்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் வேறு குரல் பதிவுகள் வரத் தொடங்கின. அமெரிக்க எல்லையில் தொலைபேசியை வாங்கிப் பார்க்கிறார்களாம். அந்த அரசாங்கத்தைப் பற்றி எழுதியதற்காக யாரோ ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த ஒருவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழே பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நிற்கும் தாய்மாரிடம் விசாரித்தேன். ஒருத்தி தன் கணவரின் நண்பர் என்றாள், இன்னொருத்தி அந்த நண்பரின் அண்ணை என்றாள். பொய்யாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அன்று மத்தியானமே நான் எழுதியதைத் திருத்தினேன். அக்காவை அதிலிருந்து எடுத்தேன். சிவப்புத் தடிகளையும் ஒழுங்கையையும் எடுத்தேன். வெளிநாட்டு உதவி பற்றி இரண்டு பக்கத்திலும் நியாயங்கள் உள்ளன, நாடுகள் தம் சொந்தத் தேவைகளையும் கவனிக்க வேண்டியுள்ளது என்று ஒரு பந்தி எழுதினேன். முழுவதுமாக அழித்தால் பாடத்துக்கான புள்ளி போய்விடும். திருத்தியதும் அதன் கீழே 'திருத்தப்பட்டது' என்று சின்ன எழுத்தில் விழுந்தது. அந்தச் சொல்லைத் தொட்டால் பழையது வருமா? நான் தொட்டபோது வரவில்லை. ஆனால் எல்லை அதிகாரிகளிடம் என்னென்ன வசதிகள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கணவர் லிஃப்ட் திருத்தும் வேலை செய்பவர். எதையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் பயப்படுவார். "நீர் கதைக்கிறதைப் பாத்தா நீர் வெள்ளை மாளிகைக்குக் கல்லெறிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் நின்றுவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். மாமி வராமல் மாமன் மட்டும் வந்து நின்றால் எங்களுக்குள் ஏதோ பிரச்சினை என்று சபை முழுக்கக் கதைக்கும், ஆராத்தி எடுக்க ஆளில்லை என்று தன் அக்கா அழுவா என்று அவர் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான்.

ஆகவே நான் எனக்குத் தெரிந்த விதத்தில் ஆயத்தம் செய்தேன். எங்கள் ஆட்கள் அதிகாரிகளுக்கு முன்னால் போகுமுன் செய்வதைத்தான் செய்தேன். ஒத்திகை பார்த்தோம்.

கணவரின் குடும்பம் அகதிகளாக வந்து ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு சின்ன அறையில் இருந்தபோது, அகதி விசாரணைக்கு முந்திய வாரம் முழுக்க அவருடைய அம்மா அவரையும் மச்சாளையும் கட்டிலில் இருத்திக் கேள்வி கேட்பாராம். எப்போது வீட்டை விட்டு வெளிக்கிட்டீர்கள், எந்தக் கோயிலில் தங்கினீர்கள், அப்பாவைக் கடைசியாக எங்கே கண்டீர்கள். ஒருவர் ஒன்று சொல்லி மற்றவர் வேறொன்று சொல்லிவிடக்கூடாது. கேஸ் பாடமாக்குவது என்பார்கள். அவர் அப்போது சிறு பிள்ளை. எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போனவரிடம் அன்று ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அதனாலோ என்னவோ, நான் மகளை மேசைக்கு முன்னால் இருத்தியதைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"உதுகளைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதையும்" என்றார்.

சின்னப் பிள்ளைகளிடம்தான் முதலில் கேட்பார்களாம் என்று பஸ் தரிப்பில் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அவர் எழும்பி மற்ற அறைக்குப் போய்விட்டார். நான் தொடர்ந்தேன். எங்கே போகிறோம்? மாமி மகளின் பார்ட்டிக்கு. எத்தனை நாள்? மூன்று நாள். அம்மா என்ன செய்கிறவ? வீட்டில் நிற்கிறவ. அம்மா ஏதாவது எழுதுகிறவவோ? இல்லை. மகள் கெட்டிக்காரி. ஒரு நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போதும் தானாகவே சொல்லிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். டிக்கியில் பலகாரத் தட்டுகள், மாமன் வைக்கும் சேலை, நகைப் பெட்டி. நயாகரா எல்லைக்கு வந்து சேர்ந்தோம். பாலத்துக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. கீழே ஆறு பச்சையாக ஓடியது. தொலைபேசியில் இருந்து வகுப்புச் செயலியை முந்தின நாளே அழித்திருந்தேன். வரிசையில் நிற்கும்போது, அழித்ததும் பிழையோ, வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று யோசனை வந்தது. திரும்ப ஏற்றினேன். பிறகு மறுபடி அழித்தேன். கணவர் என் கையைப் பார்த்துவிட்டுக் காரை முன்னால் நகர்த்தினார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி மத்திய வயதுக்காரர். கடவுச்சீட்டுகளை வாங்கினார். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டார். கணவர் அமைதியாகப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்ததுபோல் இருந்தது. அவர் கடவுச்சீட்டுகளைத் திருப்பி நீட்டியபடி, பின் ஆசனத்தைப் பார்த்து, நீ பார்ட்டிக்குப் போகிறாயா என்று சும்மா கேட்டார்.

மகள் நிமிர்ந்து இருந்தாள். தெளிவான ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாள். மாமி மகளின் பார்ட்டிக்குப் போகிறோம். மூன்று நாள். அம்மா வீட்டில் இருக்கிறவர். அம்மா ஒன்றும் எழுதுவதில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கடவுச்சீட்டுகள் உள்ளே போய்விட்டன. காரை வலப்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

உள்ளே ஆட்கள் இருக்க நீளமான வாங்குகள். எங்களுக்கு முன்னால் ஒரு முதிய தம்பதி பழப்பை ஒன்றுக்காக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் இளம் அதிகாரி ஒருவர் என்னை மட்டும் மேசைக்கு அழைத்தார். அம்மா எதை எழுதுவதில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நான் படிப்பையும் வகுப்புச் செயலியையும் சொன்னேன். உங்கள் அரசாங்கத்தின் செலவு பற்றி வாராவாரம் எழுத வேண்டும் என்றேன். தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். செயலி இல்லையே என்றார். அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றார். அதற்கு நான் பாடமாக்கியிருக்கவில்லை.

கணவருக்கும் பிள்ளைக்கும் தடையில்லை, விரும்பினால் அவர்கள் போகலாம் என்று இன்னொருவர் வந்து சொன்னார். நான் கணவர் இருந்த வாங்கின் பக்கம் திரும்பி, நீங்கள் வெளிக்கிடுங்கோ, அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பினம் என்று தமிழில் சொன்னேன்.

அவர் எழும்பவில்லை. "போறதெண்டா மூண்டு பேரும் போவம். இல்லாட்டி அக்கா வேறை மாமனைப் பாக்கட்டும்."

முதல் தண்ணீர் ஒரு ஒன்றுவிட்ட மாமனின் கையால் விழப்போகிறது, அதற்குக் காரணம் நான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இணையப் பக்கத்தை நானே திறந்து அந்த இளம் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் என் பெயரைத் தேடி, நான் எழுதியதை வாசித்தார். ஆறுதலாக, சொல் சொல்லாக வாசித்தார். 'திருத்தப்பட்டது' என்ற அந்தச் சின்ன எழுத்தின் மேல் அவருடைய விரல் போனதைக் கண்டேன். தொட்டார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் மேலிருந்து வாசித்தார்.

இவ்வளவுதானா என்று கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். இதில் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே என்று அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அதுதான் ஆட்களை யோசிக்க வைக்கிறது என்றும் சொன்னார். கடவுச்சீட்டுகள் மேசையில் வந்து விழுந்தன.

காரில் ஏறி எல்லையைத் தாண்டினோம். மகள்தான் கேட்டாள். "அம்மா, நான் பிழையாச் சொன்னனானோ?"

"இல்லையம்மா. நீங்கள் எல்லாம் சரியாத்தான் சொன்னனீங்கள்" என்றார் அவர். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மறுநாள் அவர் வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, செம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் வார்த்தார். "மாமா, குளிருது, கெதியா ஊத்துங்கோ" என்று பிள்ளை பல்லைக் கடித்தபடி சொன்னாள். மச்சாள் ஒரு பக்கம் நின்று அழுதார். நான் ஆராத்தி எடுத்தேன்.

சாப்பாட்டு நேரம் கணவர் எல்லைக் கதையைச் சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது. மகளை மடியில் வைத்து அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். எதிரில் இருந்த ஒரு அங்கிள் என்னைப் பார்த்து, "அமெரிக்காவே பயப்பிடுற அளவுக்குப் பிள்ளை, நீர் அப்பிடி என்னதான் எழுதினனீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை அங்கிள்" என்றேன். எல்லாரும் திரும்பவும் சிரித்தார்கள். நான் சொன்னது உண்மை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாடம் முடியும்வரை திருத்தலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் எழுதிய பந்தியை அந்த அதிகாரியின் கண்ணால் வாசித்தேன். யாரும் எங்கிருந்தும் எழுதக்கூடிய பந்தி அது. அக்காவுக்குச் செய்தி அனுப்பி, பெயர் போடாமல் உங்களைப் பற்றி எழுதட்டோ என்று கேட்டேன். அவர் இன்னும் வீட்டில்தான் இருந்தார். பதில் உடனே வந்தது. "எழுது. ஆனா கச்சான் கதையை விடாதை. இப்ப நல்லா விக்குது."

எழுதினேன். தடிகளும் ஒழுங்கையும் திரும்பி வந்தன. முதலில் எழுதியது போலவே வரவில்லை. கோபம் கொஞ்சம் குறைந்து, விபரம் கூடியிருந்தது. ஏற்றுமுன் கணவரை வாசிக்கச் சொன்னேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"என்ரை அக்காவின்ரை சின்னவளுக்கும் நான்தான் தண்ணி வார்க்க வேணும். தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

அவர் கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தார். "சரி. அதை அப்ப பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

நான் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகும் இரண்டு தரம் திறந்து பார்த்தேன், ஏறியிருக்கிறதா என்று. ஏறியிருந்தது. மகள் பக்கத்தில் வந்து கதிரையில் ஏறி, அடுத்த தரம் எல்லையில் நின்ற அந்த மாமா கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள்.

"அம்மா எழுதுறவ எண்டு சொல்லுங்கோ."

"என்ன எழுதுறவ எண்டு கேட்டா?"

அதற்கு நான் அவளுக்குப் பதில் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.