பியெத்ரா சோலாவில் பதினைந்தாவது குரல்

நாலாயிரத்து இருநூறு டாலர். பதினாலு மனிதர்களின் பெயர்கள் எழுதிய ஒரே ஒரு தாளுக்கு, 1986-ல் நான் பேசி முடித்த விலை அது. கணக்குப் போட்டால் ஆளுக்கு முந்நூறு. அந்தப் பதினாலு பேரையும் உயிரோடு வாங்கியவர்கள்கூட அவ்வளவு கொடுத்ததில்லை.

இது நடந்தது. நான் பழம்பொருள் வியாபாரி. பொய் விற்றுச் சாப்பிட்டவன். போன வருஷம் செய்த நாற்காலிக்கு ஆணியால் புழுத்துளை போட்டு, நூறு வருஷம் பழையது என்று விற்றிருக்கிறேன். ஆனால் பொய் சொன்னால் எனக்கு லாபம் வரவேண்டும். இந்தக் கதையில் எனக்கு முழு நஷ்டம். ஆகவே நம்பலாம்.

அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோவின் வடக்கு மலையில் எங்கள் ஊர் பியெத்ரா சோலா. அறுபது வீடு. அதில் பெரிய வீடு தோன் அமதேயோ வால்வெர்தேயுடையது. தோன் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா. கூடத்துச் சுவரில் வம்சப் படம் மாட்டியிருப்பார். நானூறு வருஷமாகக் கலப்பே இல்லாத ஸ்பானிய ரத்தமாம். எங்கள் ஊரில் நாய்க்குக்கூடக் கலப்பில்லாத ரத்தம் கிடையாது. அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர் கடன் தரமாட்டார்.

அந்த மாதிரி வீடுகளில் ஒரு சொல் உண்டு. ‘வளர்த்தோம்.’ நவஹோ, பையூட் என்று பழங்குடிப் பிள்ளையை எவனோ பிடித்துக்கொண்டு வந்து வாசலில் இறக்குவான். இவர்கள் விலை பேசி வாங்குவார்கள். தண்ணீர் தெளித்து மரியா என்று பெயர் வைப்பார்கள். சாகும்வரை தறியிலும் அடுப்பிலும் வேலை வாங்குவார்கள். கேட்டால், “அநாதைப் புள்ள, நாங்கதான் வளர்த்தோம்.” அநாதையாக்கியது யார் என்று சொல்லமாட்டார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அமதேயோவின் அக்கா செத்துப்போனாள். சாமான்களை ஏலம் விட்டார்கள். தகரச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை அறுபது டாலருக்கு எடுத்தேன். வீட்டில் பின்பக்கத்தைப் பிரித்தேன். பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளை பிடித்து விற்றவனின் கையெழுத்து. ‘வால்வெர்தே வீட்டில் இறக்கியது, 1864’ என்று தலைப்பு. கீழே பதினாலு வரி. மாட்டுக்கு எழுதுவதுபோல முதலில் அடையாளம், பிறகு வைத்த பெயர்.

தோன் அமதேயோவிடம் சேதி விட்டேன். அன்றே வந்தார்.

“என்னடா விலை?”

“அஞ்சாயிரம், தோன்.”

“ஒரு காகிதத்துக்கா?”

“காகிதத்துக்கு அஞ்சு டாலர். மிச்சம் என் வாய்க்கு.”

“நாலாயிரம். அதுக்கு மேல ஒரு சல்லி கிடையாது.”

“இருநூறு சேருங்க. என் வாய் கொஞ்சம் பெருசு.”

அவர் சிரிக்கவில்லை. “ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலைல கொண்டு வா. அடுப்பைப் பத்தவெச்சு வெக்கிறேன்.”

அடுப்பு எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்கு நாலாயிரத்து இருநூறு எதற்கென்று அவரும் கேட்கவில்லை. கனவான்கள் அப்படித்தான்.

மூன்று நாள் கழித்து எதுவிஹெஸ் அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கைப்பையை மேஜையில் வைத்தாள்.

“எவாரிஸ்தோ, தோன் உன் கடைக்கு ஓடி வந்தத ஊரே பார்த்துச்சு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?”

“தூசி இருந்துச்சுக்கா.”

“பொய் சொல்லாத. எங்க பாட்டியோட அம்மாவ அந்த வீட்டுலதான் ‘வளர்த்தாங்க’. குழி கல்லறத் தோட்டத்து வேலிக்கு வெளிய இருக்கு. சிலுவைல ‘வால்வெர்தே வீட்டு வேலைக்காரி’ன்னு போட்டிருக்கு. கல்லு வெக்கலாம்னு சொல்லியிருக்கேன். கொத்தன் பேரு கேக்கறான். எங்களுக்குத் தெரியாது. எடது மணிக்கட்டுல தீக்காயம் இருந்துச்சாம். அவ்வளவுதான் தெரியும்.”

ஆறாவது வரி. எனக்கு மனப்பாடம்.

“எங்கிட்ட எழுநூறு டாலர் இருக்கு” என்றாள்.

எழுநூறையும் நாலாயிரத்து இருநூறையும் தராசில் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும்.

“தூசிதான்க்கா” என்றேன்.

மார்ச் 28. பெரிய வெள்ளி. இரவு 9:30.

எங்கள் ஊர்ச் சகோதரசபையின் ஜெபவீடு, மொராதா என்போம், ஊருக்கு வெளியே இருக்கிறது. மண் சுவர். ஒரே கதவு. அன்று இரவு அங்கே இருட்டு வழிபாடு. நான் பக்திமான் இல்லை. ஆனால் வாடிக்கைக்காரர்கள் போகும் இடத்துக்குப் போகாத வியாபாரி மறுநாள் கடையைத் திறந்து என்ன பயன்? போனேன். தாளைப் பலகையோடு வண்டியின் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் பைக்குள். விடிந்தால் வியாபாரம்.

சபையின் மூத்தவர் பிலிமோன் தலைகளை எண்ணினார். வழிபாடு முடிந்ததும் கோதுமைக் களி கொடுப்பார்கள். கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும். பதினேழு பேர். எல்லாம் பெரியவர்கள். கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டார். ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டார்.

பதிமூன்று மெழுகுவர்த்தி. ஒவ்வொரு சங்கீதத்துக்கும் ஒன்று அணையும். 10:22-க்குக் கடைசியும் போயிற்று.

இருட்டு.

உடனே மரக் கட்டைகள் கிடுகிடுத்தன. பிலிமோன் சங்கிலியை உதறினார். எவரோ தகரத்தைத் தட்டினார். உலகம் இடிகிற சத்தம். பிறகு சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் யார் வேண்டுமானாலும் இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். அந்த ஆத்துமாவுக்கு எல்லாரும் ஜெபம் சொல்வோம். அதற்குச் சுதாரியோ என்று பெயர். கூப்பிட்டது யார் என்று கேட்கக் கூடாது. அது சட்டம். பெயர் இல்லாமலும் கூடாது. அதுவும் சட்டம்.

பிலிமோன் தன் தம்பிக்குக் கேட்டார். ஜெபித்தோம். சத்தம். அமைதி.

எதுவிஹெஸ் அக்காவின் குரல்.

“வால்வெர்தே வீட்டு வேலைக்காரிக்கு ஒரு சுதாரியோ...”

“பேரு சொல்லு தங்கச்சி” என்றார் பிலிமோன்.

“தெரியாதுண்ணே.”

“பேரில்லாம முடியாதும்மா.”

அமைதி. எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அந்த நாலாயிரத்து இருநூறு என்னைத் தடுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் மறுபடி எழுந்தது. நின்றது. ஆனால்... ஒரு சங்கிலி மட்டும் நிற்கவில்லை. பிலிமோன் முன்னால் இருந்தார். இது பின்னால். தரையோடு தரையாக. மெதுவாக.

நனைந்த கம்பளி நாற்றம் வந்தது.

நான் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மறு ஓரம் லேசாக அமுங்கியது.

“காதுல துளை. உயரம் நாலடி. ஹோசே அந்தோனியோ.”

பையன் குரல். எண்ணிய பதினேழு பேரில் பையன் இல்லை.

எல்லாரும் ஜெபித்தார்கள். சட்டம் அப்படி. எனக்கு மட்டும் வாய் எழவில்லை. அது முதல் வரி. ஓர் எழுத்துப் பிசகாமல்.

“முன்பல் ரெண்டு இல்ல. மரியா குவாதலூப்பே.”

இரண்டாவது வரி.

மூன்றாவது. நாலாவது. ஒவ்வொன்றும் வேறு மூலையிலிருந்து. ஒவ்வொன்றும் வேறு குரல்.

வண்டி பூட்டியிருக்கிறது. பெட்டி பூட்டியிருக்கிறது. பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.

“எடது மணிக்கட்டுல தீக்காயம். மரியா நிக்கோலாசா.”

எதுவிஹெஸ் அக்கா விம்மியது கேட்டது. அவள் ஜெபம் மற்ற எல்லாருடையதையும் மீறி ஓங்கி ஒலித்தது.

பத்து... பதினொன்று...

கடிகார முள் பச்சையாய் மின்னியது. 11:09.

பதினாலு.

முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போது என் தாடையில் ஒரு கை.

சின்னக் கை. பனிக்கட்டி.

விரல் என் உதட்டைத் தூக்கியது.

பல்லைத் தடவியது. ஒவ்வொன்றாக. கடைவாய்வரை. சந்தையில் குதிரைக்குப் பார்ப்பார்களே, அதே போல.

என் புஜத்துச் சதையைக் கிள்ளிப் பார்த்தது.

பிறகு காதோரம் ஒரு ‘ச்ச்’.

எனக்குத் தெரியாத சத்தமா அது? வாழ்நாளெல்லாம் நான் பிறர் பொருளைப் பார்த்துக் நாக்குக் கொட்டிய சத்தம். தேறாது என்கிற சத்தம்.

கை போய்விட்டது.

“யானபா.”

குழந்தைக் குரல். அடையாளம் இல்லை. மரியா இல்லை. அந்த ஒரு சொல் மட்டும்.

யாரும் ஜெபிக்கவில்லை.

“யாரது?” என்றார் பிலிமோன். “என்ன பேரு அது? யாரு கூப்பிட்டது?”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்.

தீக்குச்சி கிழித்தார். பதினேழு பேர். கட்டை போட்டது போட்டபடி. 11:14.

களியை யாரும் தொடவில்லை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எதுவிஹெஸ் அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

“தூசின்னியே! எல்லாப் பேரும் உனக்குத் தெரிஞ்சிருக்கு. குரலை மாத்திக் கூத்துக் கட்டுறியா, நாயே?”

“நான் வாயே தெறக்கலக்கா...”

“அவன் தெறக்கலம்மா” என்றார் பிலிமோன். “எனக்குப் பின்னாடி பெஞ்சுலதான் இருந்தான். இவன் பல்லு தந்தியடிச்சது எனக்கே கேட்டுச்சு.”

நான் வண்டிக்குப் போனேன். பனியில் வண்டியைச் சுற்றி ஒரு காலடித் தடம் இல்லை. பூட்டு பூட்டியபடி. தாள் உள்ளே இருந்தது. பலகையோடு எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுநூறை நீட்டினாள். வாங்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சின்னக் கையின் குளிர் இன்னும் என் பல்லில் இருந்தது.

காலையில் அமதேயோ வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. போய் நின்றேன்.

“குடுத்துட்டியா? ஒரு வேலைக்காரிக்காகவா?”

“பதினாலு பேரு, தோன்.”

“உன்ன மாதிரி வியாபாரிய நான் பார்த்ததில்ல.”

“நானும் உங்கள மாதிரி ரத்தத்தப் பார்த்ததில்ல. சுவத்துல மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கழுவிப் பாருங்க.”

அத்தோடு அந்த வீட்டில் என் வியாபாரம் முடிந்தது. மே மாதம் வேலிக்கு வெளியே கல் வைத்தார்கள். மரியா நிக்கோலாசா. கொத்தன் எழுத்துக்கு இரண்டு டாலர் வாங்கினான். நானும் போயிருந்தேன். கல்லைப் பார்த்து, பிள்ளைகளை விலைக்கு வாங்கின இந்தக் குடும்பங்கள் என்ன ஜென்மங்களோ என்று மனசுக்குள் காறித் துப்பினேன். எங்கள் குடும்பம் கடைக்குடும்பம். சர்க்கரையும் துணியும்தான் விற்றோம் என்று ஒரு பெருமை.

ஆகஸ்டில் எதுவிஹெஸ் அக்கா போன் செய்தாள். தாளைப் பாதுகாக்க வேண்டும் என்று சாந்தா பே நகரத்தில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் நீராவி காட்டி அதைப் பலகையிலிருந்து உரித்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் பலகையோடு ஒட்டிக் கிடந்த பின்பக்கம். அதை ஒருவரும் பார்த்திருக்க வழியில்லை. நானும் பார்த்ததில்லை.

“பின்னாடியும் எழுதியிருக்கு தம்பி. ஒரே ஒரு ஆளு. வால்வெர்தே வீட்டுக்கு இல்ல, ஒரு கடைக்கு வித்தது.”

“படிங்கக்கா.”

“வேண்டாம். நீயே வந்து படி.”

போனேன். படித்தேன். அதே கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

‘பீத்ரோ லுஹான் கடை.’ அவர் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா.

‘பெண். எட்டு வயது. ஞானஸ்நானம் ஆகவில்லை. தானே சொல்லும் பெயர் யானபா. பல் பார்த்து எடுத்தார்.

விலை: கோவேறு கழுதை இரண்டு.

வரவு: ஒன்று.

பதினோராம் நாள் செத்தது. மீதியைத் தர மறுக்கிறார்.

பாக்கி: ஒன்று.’