நரம்பை விறைக்க வைத்த நாள்

யுத்த காலத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, கொழும்புப் பாதை திறந்திருந்த ஒரு வைகாசி மாதம் இது நடந்தது. அப்போது நாங்கள் திருகோணமலை லிங்கநகரில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகப் பக்கம் மீன் வாடியில் வேலை.

அதற்கு மூன்று வருடம் முன்னர் ஷெல் துண்டொன்று என் இடது முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்துவிட்டுப் போனது. காயம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. தணலை வைத்துத் தேய்ப்பதுபோல எரியும். சேலை ஓரம் பட்டாலே உயிர் போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாததால் மச்சாள்கூட என்னை வேலைக் கள்ளி என்று கதைத்தாள். அம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றவும் ஏலாமல் வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வருவேன்.

வலிக்கு வைத்தியம் செய்யும் டொக்டர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் சிங்களவர். காலைத் தொட்டார், நான் துடித்ததும் கையை எடுத்துவிட்டு நேர்ஸ் பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, உங்கட கால் நரம்பை விறைக்கப் பண்ணப் போறாராம்."

அந்த நாட்களில் விறைக்கிறது என்ற சொல்லை நான் அதிகம் கேட்டது செத்த வீடுகளில், பிணத்தைப் பற்றித்தான். சிங்கள ஆள், அதுதான் இப்படிச் செய்யப் பார்க்கிறார் என்றும் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. கட்டிலால் இறங்கிச் செருப்பைத் தேடினேன். என் காலைப் பிணமாக்கவோ பார்க்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளையை ஏசினேன். அவள் முகம் வாடிவிட்டது. டொக்டர் ஒன்றும் விளங்காமல், ஆனால் கோபிக்காமல், கதிரையில் இருந்து காத்திருந்தார்.

இவருக்கோ சிரிப்பு. "விசரி, ஐஸுக்குள்ள மீன் அள்ளேக்க என்ர விரல் விறைக்கிறேல்லையே? விறைச்சா நோ தெரியாது. பிறகு உணர்ச்சி வராட்டி நான் எந்தக் கையால சோறு தின்னுறன்?"

அதேதான் என்று நேர்ஸ் பிள்ளையும் சிரித்தாள். நடக்க உதவும் நரம்பில் கை வைக்கமாட்டார்களாம், நோவைக் கொண்டுபோகும் நரம்பை மட்டும்தானாம். வெட்கத்தோடு திரும்பப் படுத்தேன். டொக்டர் முதலில் மரக்கும் ஊசி போட்டார். பிறகு காஸ் சிலிண்டரோடு பூட்டிய, குளிரேறும் ஊசியொன்றை உள்ளே விட்டார். நான் கண்ணை மூடித் தேவாரம் சொன்னேன். மூன்றாவது தேவாரத்துக்குள் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் இடது காலை ஊன்றினேன். எரிவு இல்லை. ஓரிடம் மட்டும் சொக்ஸ் போட்டதுபோல மந்தமாக இருந்தது. நரம்பு திரும்ப வளரும், நோவும் வரலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் வந்ததுதான். ஆனால் பழைய நெருப்பு இல்லை, தாங்கக்கூடியது.

ஊசி போட்டபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலை மூன்று முறை சுற்றினேன். டொக்டருக்கு அர்ச்சனை செய்யக் கேட்டபோது ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கோபப்பட நேரமிருந்த எனக்கு, அந்த மனிதரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

"டொக்டர் எண்டு சொல்லுங்கோ ஐயா, அம்மாளுக்கு ஆளைத் தெரியும்" என்றேன்.

இன்றும் வருடத்துக்கொரு முறை அப்படித்தான் சொல்கிறேன், யாரென்று விளங்கிக்கொள்ளாமலே ஒருவரை வெறுக்க என்னால் எவ்வளவு சுலபமாக முடிந்தது என்பதையும் அம்மாளிடம் சேர்த்தே சொல்கிறேன்.