பக்கத்து ஆட்டத்துச் சத்தம்

பவுலர் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தால் அம்பயர் கேணி காகா அதைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். தன் வெள்ளைத் தொப்பியின் மேல் கவிழ்த்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்துவார். அடுத்த பவுலரின் தொப்பி அதற்கு மேல் ஏறும். கூலிங் கிளாஸ் கழுத்துப் பட்டனில் தொங்கும். கைக்கடிகாரங்கள் இடது முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். மோதிரம், சாமிக் கயிறு, யாரோ ஒருவனின் நிச்சயதார்த்தச் சங்கிலி எல்லாம் கோட்டுப் பையில். சாப்பாட்டு நேரத்துக்குள் மனிதர் நடமாடும் பிளாட்பாரக் கடையாகிவிடுவார். ஓவர் முடிந்ததும் எது யாருடையது என்று கேட்காமலே அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ரயில் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏகப்பட்ட ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். எல்லைக்கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். எங்கள் மிட் ஆனின் முதுகும் பக்கத்து ஆட்டத்து ஸ்லிப்பின் முதுகும் உரசிக்கொள்ளும். அந்த மிட் ஆன் பெரும்பாலும் நான்தான். பந்து வராது என்ற நம்பிக்கையில் நிறுத்துவார்கள். எனக்கும் வேண்டாம். அம்பயரை வேடிக்கை பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

காகா என்றால் சித்தப்பா; அவருக்குக் காது கேட்காது என்பது மைதானம் முழுக்கத் தெரிந்த ரகசியம். நேருக்கு நேர் நின்று பேசினால் பதில் வரும். அவர் திரும்பிவிட்டால் காதருகே பட்டாசு வெடித்தாலும் அசைய மாட்டார். பேர் கேட்டுக்கொண்ட முதல் நாளிலேயே நான் சொன்னேன்: "உங்க பேருக்கு எங்க பாஷையில கெணறுன்னு அர்த்தம், காகா."

தெற்கத்தி ஆள் எவனும் அவருக்கு அண்ணாதான். காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "சரியாத்தான் வெச்சிருக்காங்க, அண்ணா. உள்ள விழுந்தது திரும்பி வராது."

மீசை முளைத்த நாளிலிருந்து மில் மூடிய நாள்வரை நெசவுக் கூடத்தில் இருந்தவர். காது அங்கேதான் போயிற்று. மில் அணிக்கு விக்கெட் கீப்பராகவும் இருந்திருக்கிறார். உணவு இடைவேளையில் வடா பாவ் ரொட்டியைப் பிய்த்தபடி மைதானத்தைக் கையால் வரைவார்.

"அதோ இளநிக்காரன் நிக்கிறானே, அதுவரைக்கும் மில்லுக் கூடாரந்தான், வரிசையா. அதுக்கும் முன்னாடி பார்ஸிக்காரங்க ஆடினாங்க. அவங்களுக்கும் முன்னாடி பட்டாளத்துக் குதிரை மேஞ்சுதாம். குதிரை போச்சு, பார்ஸி போனான், நாங்க வந்தோம். ஷிப்ட் முடிஞ்சு தலை நெறயப் பஞ்சோட வந்து நிப்போம். எவனாவது கேட்ச் விட்டா அவ்வளவுதான், சாப்பாட்டு டப்பாவத் தட்டியே மானத்த வாங்கிடுவானுங்க."

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. மில்கள் மூடின. கூடாரங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. அவை நின்ற இடத்தில் மட்டும் புல்லின் நிறம் கொஞ்சம் வேறு என்பார் காகா. என் கண்ணுக்கு அது பட்டதில்லை. ஆனாலும் பந்தைத் துரத்தி அந்தப் பக்கம் போகும்போது, யார் வீட்டுக்குள்ளேயோ நுழைந்துவிடக் கூடாது என்பதுபோல, சற்றுச் சுற்றிக்கொண்டுதான் ஓடுகிறேன்.

தண்ணீர்க் குடத்துக்குக்கூட அடித்துக்கொள்கிற அணிகளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. காகா நின்றால் அப்பீல் வாயால் கிடையாது. அவர் முகத்துக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக் குதிக்க வேண்டும். பந்து மட்டையைத் தாண்டும்போது வழி மாறியதா என்று பார்த்துத்தான் அவர் விரலைத் தூக்குவார்.

எதிர் அணிக் கேப்டன் ஜெயேஷ் துரி மட்டும் அவரைச் சும்மா விட மாட்டான். அவர் மூக்குக்கு எதிரே நின்றே எங்களிடம் சொல்வான்: "கடவுள் இந்தாளுக்குக் காது வெக்க மறந்துட்டு ரெண்டு பட்டன தெச்சு அனுப்பிட்டான்டா." எல்லோரும் சிரிப்போம். காகா தலையிலிருக்கும் தொப்பி அடுக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

போன சீசன் கடைசியில் யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார், காது கேட்கவில்லை என்று தெரிந்தால் அம்பயர் கோட்டைக் கழற்றிவிடுவார்கள் என்று பேச்சு. காகா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மில்லு கேட்டைச் சாத்தினப்ப எங்கள எவனும் ஒரு வார்த்த கேக்கல, அண்ணா. இந்தக் கோட்டையாவது நானாக் கழட்டணும்."

சங்கத்துக்காரர் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துரி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். எங்கள் வேகப் பந்து அவன் மட்டையை ஒட்டிப் போனது. 'டொக்' என்று தெளிவான சத்தம். கீப்பர் பிடித்துவிட்டான். எல்லோரும் காகா முன்னால் குதித்தோம். மரத்தடியில் சங்கத்துக்காரர் எழுந்து நின்றார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது.

காகாவின் கை பாதியில் நின்றது. பந்து வழி மாறியதாக அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. 'இல்லை' என்று தலையசைத்தால் கோட்டு போய்விடும்.

அதற்குள் துரி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். அவர்கள் கூடாரம் பவுலர் முனைக்குப் பின்னால் இருந்தது. காகாவின் பக்கத்தில் நின்ற தன் கூட்டாளியிடம் வந்ததும் ஒரு நொடி நின்றான். "படவே இல்லடா. பக்கத்து மேட்ச்சு சத்தம். போறேன், கெழவன் கோட்டாவது மிஞ்சட்டும்." மிட் ஆனில் நின்ற எனக்குக் கேட்டது. கை எட்டும் தூரத்தில் காகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் விரலைத் தூக்கினார், காலியான ஆடுகளத்தைப் பார்த்து.

சங்கத்துக்காரர் அவரிடம் கைகுலுக்கிவிட்டுப் போனார். அடுத்த சீசனுக்கும் காகாதான் என்று முடிவாயிற்று. ஆனால் அடுத்த ஞாயிறு காகா கட்டம் போட்ட சட்டையில் வந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டாராம்.

"முட்டி வலி, அண்ணா."

நாங்கள் நம்பினோம். துரிதான் கொதித்தான். "அம்பது அடிக்க வேண்டியவன் நானு! இவருக்காகப் போனேன். இவருக்கு இப்பப் பாத்து முட்டி வலிக்குதாம்!"

கணபதி விழாவுக்கு முந்திய வாரம், மில் வட்டாரமான லால்பாகில் ஒரு டீக்கடை வாசலில் காகாவின் பழைய மில் கூட்டாளி விட்டல் பரப்போடு உட்கார்ந்திருந்தேன். தெருவை அடைத்து டோல் மேள ஒத்திகை. டம்ளர்கூட அதிர்ந்தது. எதிர்ச்சாரியில் காகா கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தார். பரப் அந்தப் பக்கம் பார்த்து, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தார். அத்தனை மேளத்துக்கு அப்பால் காகா நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, அதேபோல ஏதோ பதில் சொன்னார்.

நான் விழித்ததைப் பார்த்துப் பரப் என் காதில் கத்தினார்: "தறி ஓடுற எடத்துல தொண்ட இருந்து என்ன புண்ணியம், தம்பி? பேச்சு, சண்ட, சம்பந்தம் பேசறது எல்லாமே ஒதட்டுலதான். இவன் எமகாதகன். கண்ணாடி ரூமுக்குள்ள மேனேஜர் பேசறதையே படிச்சிருவான்."

அப்போதுதான் காகா என்னைக் கவனித்தார். கொத்தமல்லிக் கட்டைத் தூக்கி ஆட்டிவிட்டு, எனக்காக மெதுவாக உதட்டை அசைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சொல்றாரு?"

பரப் சிரித்தார். "'படாத பந்துக்கு வெளிய போனானே, அந்தத் துரிப் பய, இப்பவாவது அம்பது அடிச்சானா'ன்னு கேக்கறான்."