கழுவச் சொன்ன டம்ளர்கள்

தொண்ணூற்றேழாம் வருடம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. அப்போது நான் பெங்களூரு ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். வீடு ஜோகுபாளையத்தில். வீட்டில் நான் மட்டும்தான். என் குடியைத் தாங்க முடியாமல் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சந்தாபுராவில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு மாசம் குடிக்காம இருந்துட்டு வா. அதுக்கு முன்னாடி வந்தா கதவ தெறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னால் செய்கிறவள்.

நாலு நாள் குடிக்காமல் இருந்தேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. அதற்கு முன்பும் எத்தனையோ தடவை நாலு நாள் இருந்திருக்கிறேன். ஐந்தாம் நாள்தான் எப்போதும் கவிழ்வேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை சாயங்காலம், குடியை விட்டவர்கள் கூடுகிறார்களாம். அந்தச் சீட்டு மூன்று வாரமாகப் பையிலேயே கிடந்தது. அன்று போனதுகூடத் திருந்த வேண்டும் என்று இல்லை. அலுத்துவிட்டது. குடிக்கவும் தெம்பில்லை, குடிக்காமல் இருக்கவும் தெம்பில்லை.

கேட்டில் வாட்ச்மேனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, கன்னடம் கலந்து, "குடிகாரங்க மீட்டிங்கா? சும்னே ஏன் நிக்கிற குரு, பின்னாடி போ, மூணாவது ரூமு" என்றான். அவனை அடித்திருப்பேன். கையில் வலு இல்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முட்டி இடித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக ஒருவர்தான் கூட்டத்தை நடத்தினார். நான் போனதும் "எந்த ஏரியாங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது.

முடிந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் என்னிடம் வந்து, "நீங்க புதுசு. இந்த டம்ளரெல்லாம் கொஞ்சம் கழுவி வெச்சிட்டுப் போறீங்களா?" என்றார்.

என் அம்மா முப்பது வருடம் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவள். அவள் தேய்த்து வைத்த டம்ளரில் அவளுக்கே டீ தர மாட்டார்கள். அவளுக்கென்று பின்பக்க ஜன்னலில் ஒரு தகர டம்ளர் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"இத்தினி பேர் இருக்கசொல்ல என்னைய மட்டும் ஏன் கேக்கிற? எந்த ஏரியான்னு கேட்டுக்கினு அப்பால கழுவச் சொல்றியா? யாரு வூட்டுப் புள்ளன்னு மூஞ்சில எழுதி ஒட்டிக்கீதா?" என்று கத்தினேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். நான் வெளியே வந்துவிட்டேன்.

எதிர்ச் சாரியிலேயே சாராயக் கடை. ஒரு பாக்கெட் சாராயம் போதும், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குடித்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்று சைக்கிள் பூட்டைத் திறக்கப் பார்த்தால் சாவி இல்லை. பெஞ்சிலேயே விட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

அந்த மனிதர் குழாயடியில் குத்துக்காலிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாவி பெஞ்சு மேலதான் இருக்கு" என்றார். எடுத்துக்கொண்டேன், ஆனால் நகரவில்லை. ஏன் என்று இன்றும் தெரியாது.

அவரே பேசினார். "மொத நாள் வர்றவங்க எல்லாருக்கும் இந்த வேலையக் குடுப்போம். வீட்டுக்குப் போற வழியிலதானே கடை இருக்கு? கொஞ்ச நேரம் கைக்கு வேலை இருந்தா, தாண்டிப் போயிடலாம்னுதான். எனக்கும் குடுத்தாங்க. நானும் இப்படித்தான் கத்தினேன். 'நான் எவ்ளோ பெரிய ஆபீசர் தெரியுமா, என்னையா கழுவச் சொல்றே?'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கழுவினேன். கை நடுங்கி ரெண்டை ஒடைச்சேன். ஒடைச்சதுக்கும் திட்டு வாங்கினேன்."

சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எனக்கு அது வராது. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைக் கழுவினேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே வந்தபோதும் கடை திறந்துதான் இருந்தது. தாண்டிப் போனேன். ஐந்தாம் நாளையும் தாண்டினேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒரு தடவை விழுந்தேன், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். சந்தாபுராவில் கதவு திறக்க ஒரு மாதமல்ல, மூன்று மாதம் ஆனது. திறந்தவள் சிரிக்கவும் இல்லை. "உள்ள வா" என்றாள்.

என் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான், அதை விடப் போவதில்லை. ஆனால் நியாயமான கோபமும் என்னைச் சாராயக் கடைக்குத்தான் இழுத்துக்கொண்டு போனது என்பதை அன்று பார்த்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் கோபம் வந்தால், கோபம் சரியா தப்பா என்று யோசிப்பதற்கு முன்னால், என் கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்க்கிறேன்.